மங்கலாகத் தெரிந்த நான்கு ஃபோல்டர்கள்

பாகூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் வீட்டுச் சீர்த்தட்டுகள் தெருமுனை திரும்பி வந்துகொண்டிருந்தன. மேளக்காரர்கள் இரண்டு பேர் சரியாக என் கேமராவுக்கு முன்னாலேயே பின்பக்கமாக நடந்து வந்தார்கள். ஒதுங்குங்கள் ஒதுங்குங்கள் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது.

வாட்ஸ்அப்பில் ஒரு படம். அனுப்பியவர் மதகடிப்பட்டில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. ஆறு வருடத்துக்கு முன் அவருடைய நிக்காஹ்வில் பெண்கள் பக்கத்து வீடியோ எடுத்தவள் நான். வில்லியனூரைச் சுற்றி முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்கள் பகுதிக்குள் ஆண் யாரும் கேமராவோடு போக முடியாது, அதற்கு ஒரு பொம்பளை வேண்டும். பதினைந்து வருடமாக அந்தப் பொம்பளை நான்தான். எடுத்துக் கொடுத்ததோடு உறவு முடிவதில்லை. போன் தண்ணீரில் விழுந்தாலும் டிவியில் படம் தெரியாவிட்டாலும் அந்த வீடுகளிலிருந்து எனக்குத்தான் கூப்பிடுவார்கள். வீடியோ எடுக்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது, அதுதான் கோளாறு.

கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறதாம். உள்ளே இருப்பதைப் பார்த்தால் பாதிகூட வரவில்லையாம். கடையில் புதிதாகக் காவல் கேமரா மாட்டியிருந்தார். அந்தப் பதிவுகளைப் போட்டுவைக்க இடம் வேண்டும். இணையத்தில் எவனோ சொல்லிக்கொடுத்தபடி, மறைந்திருப்பதையெல்லாம் காட்டும்படி மாற்றிவிட்டு, லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். பல நாள் வெயிலில் கிடந்த துணி மாதிரி வெளிறிப்போன மஞ்சளில் நான்கு ஃபோல்டர்கள். "இந்த நாலும் ஒளிஞ்சினு இருக்குதுக்கா. அழிச்சிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருவார்கள். சரியான பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. டாலர் குறி போட்டு ரீசைக்கிள் பின் என்று இருப்பது அந்த டிரைவின் சொந்தக் குப்பைக்கூடை. நாம் அழித்தது அதற்குள்தான் கிடக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். ஃபவுண்ட் என்று எழுதி மூன்று சைபர் போட்டிருந்தால், டிரைவைச் சரிபார்த்தபோது உடைந்து கிடைத்த துண்டுகளைக் கம்ப்யூட்டர் அள்ளிப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். காணாமல் போன போட்டோ சில சமயம் அதில் அகப்படும், பார்த்துவிட்டுத்தான் அழிக்கவேண்டும். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்பது சிஸ்டம் தனக்காக எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்பு. லேசில் அழிக்க விடாது, அழித்தாலும் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எதுவானாலும் முதலில் எவ்வளவு பெரிசு, உள்ளே என்ன என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். இதையெல்லாம் கேட்கிறவர்களுக்குப் பாடம் மாதிரி ஒப்பிப்பேன்.

அன்றைக்கு ஒப்பிக்கவில்லை. வெயில் போன் திரையில் விழுந்து கண் கூசியது. எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன. பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், மேளச் சத்தத்துக்கு நடுவில் வாயருகே போனை வைத்துப் பேசி அனுப்பினேன்.

"அதெல்லாம் சிஸ்டம் தானா போட்டுக்கிற குப்பை தம்பி. நாலையும் அழிச்சிடுங்க, ஒண்ணும் ஆவாது."

ஒண்ணும் ஆவாது என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். மழை வருமா, கரண்ட் போகுமா, மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்களா, யார் எது கேட்டாலும் அதுதான் என் பதில். என் வீட்டுக்காரர் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன்.

சடங்கு முடிந்து பந்தியில் உட்கார மணி ஒன்றாகிவிட்டது. இலை போட்டுவிட்டுச் சோறு கொண்டுவரத் தாமதமானது. பந்தல் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தவள் போனை எடுத்தேன். காலையில் வந்த படம் அப்படியே நின்றது. என்னமோ தோன்றி இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். முதல் வரி ரீசைக்கிள் பின். இரண்டாவது ஃபவுண்ட். நான்காவது சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன். மூன்றாவது வரியில் சிஸ்டம் வால்யூம் பேக்கப் என்று இருந்தது.

அப்படி ஒரு ஃபோல்டரை எந்தக் கம்ப்யூட்டரும் தானாக உண்டாக்காது. அந்தப் பெயரை வைத்தவள் நான்.

சோறு வந்து இலையில் விழுந்ததும் அதன்மேல் கறிக்குழம்பு விழுந்ததும் தெரியும், கை மட்டும் அசையவில்லை.

அந்த ஃபோல்டரைப் பற்றிச் சொல்வதென்றால் கல்யாணப் பெண்ணின் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வில்லியனூர்க்காரர். நான் பாயம்மா என்று கூப்பிடுவேன். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் முக்காடு இல்லாமல், தலையில் பூவும் கையில் மருதாணியுமாக இருப்பார்கள். அதை வேற்று ஆண்கள் பார்க்கக் கூடாது என்பதில் எல்லா வீட்டிலும் கண்டிப்பு உண்டு. ஆனால் இந்தப் பாயம்மா மாதிரி ஒரு கண்டிப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. ஸ்டுடியோவில் வைத்து எடிட் செய்யக் கூடாது, அங்கே ஆண்கள் இருக்கிறார்கள் என்றார். என் வீட்டிலேயே செய்கிறேன் என்றேன். அப்படியானால் நானும் வருவேன் என்றார். வந்தார். மூன்று நாள் காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, நான் முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் எனக்கு வேலை ஓடாது.

கடைசி நாள் எல்லாவற்றையும் அந்த ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். ஆண்கள் பக்கத்து வீடியோ வெளிப்படையாக இருக்கட்டும், பெண்கள் பக்கம் கண்ணில் படக் கூடாது என்றார். அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. வெறுமனே மறைத்தால் விவரம் தெரிந்த பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் சிஸ்டம் ஃபோல்டர் போலவே பெயர் வைத்து, சிஸ்டமுக்கு உரியது என்று முத்திரையும் குத்திவிடுவேன். அப்படி ஒன்றைப் பார்த்தால் யாரும் தொட மாட்டார்கள் என்பது என் கணக்கு. இத்தனை வருடத்தில் எத்தனையோ வீட்டுக்கு இதைச் செய்து கொடுத்து, அவர்கள் மெச்சிக்கொண்டதில் எனக்குத் தலைக்கனம்கூட உண்டு.

பிறகு என் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் தன் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னார் பாயம்மா. அழித்தேன். எழுந்து போவார் என்று பார்த்தால், விரலை நீட்டித் திரையின் மூலையைக் காட்டினார். "அந்தக் கூடையில இன்னாமோ இருக்குதே, அதையும் கொட்டும்மா." எழுதப் படிக்கத் தடுமாறுகிற அம்மாளுக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ. கொட்டினேன். ஆக, அந்த ஒரு டிரைவைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அந்த வீடியோ கிடையாது.

திறக்கும் வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெண்ணிடம் இப்போதைக்குச் சொல்லாதே, சின்னப் பெண், ஆசையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டிவிடுவாள், ஒரு பிள்ளை குட்டி ஆகட்டும், நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாயம்மா தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணிடமும் சரி, மாப்பிள்ளையிடமும் சரி, வேறு யாரிடமும் சரி, மூச்சு விட மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பெண்கள் பக்கத்தை அழித்தாயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

போன ஐப்பசி மழையில் பாயம்மா இறந்துபோனார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நானும் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு அரை நாள் இருந்தேன். அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அம்மாவுக்கு ஒரு நல்ல போட்டோகூட இல்லை, யார் எடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஆதார் கார்டில் இருப்பது அம்மாவின் முகம் மாதிரியே இல்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். அந்த ஹார்ட் டிஸ்கின் ஞாபகம் எனக்கு வரவே இல்லை. எத்தனை கல்யாணம், எத்தனை டிரைவ். சத்தியமாக வரவில்லை.

இப்போது பாகூரில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாம் ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இதை எழுதிப் பயனில்லை. அந்த வீடியோ அழியாமல் இருப்பது பாயம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மகளிடம் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு அப்படி அழுதிருக்க மாட்டாள். இப்போது பாயம்மாவும் உயிரோடு இல்லை. அது அழிந்துபோயிருந்தால், அழிந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். இல்லாத ஒன்றைக் கேட்டு யாரும் என் சட்டையைப் பிடிக்கப்போவதில்லை. பேசாமல் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஊஞ்சல் சடங்கையும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ரசம் வருகிற வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசைந்தேன், ஒரு வாய் உள்ளே போகவில்லை.

அப்போது போன் மறுபடி அதிர்ந்தது. அதே தம்பி. நாலில் மூன்றை அழித்துவிட்டாராம், கடைசி ஒன்று மட்டும் அனுமதி இல்லை என்கிறதாம். அழித்தும் இடம் வரவில்லையாம். மொத்தமாக ஃபார்மட் அடித்துவிடட்டுமா, ஆண்கள் பக்கத்துக் கல்யாண வீடியோவை வேறொன்றில் மாற்றிக்கொண்டேன் என்று கேட்டிருந்தார்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவினேனா என்று ஞாபகம் இல்லை. பந்தலுக்கு வெளியே வந்து கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. கடையில் ஆள் இருந்தால் போனைத் தொட மாட்டார் என்று தெரியும். யாருக்கோ ஏழாம் நம்பர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார், பக்கத்தில் லேப்டாப் சரி என்ற பட்டனுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

ஃபார்மட் அடிக்காதீர்கள், அடித்தால் டிரைவ் செத்துப்போய்விடும் என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். வாக்கு கொடுத்தாயிற்றே, உள்ளது என்னவென்று சொல்ல முடியாது. சொன்னால் அவர் திறந்து பார்ப்பார், திறந்தால் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அவர் கண் முன்னால் வருவார்கள். அந்தத் தம்பி தங்கமானவர், அதனாலேயே என்னைச் சங்கடத்தில் மாட்டிவைத்தார். "செத்தா போவட்டும்க்கா, பழசுதான. புதுசு ஒண்ணு வாங்கிக்கிறேன். இதுக்குப் போயி நீங்க இன்னாத்துக்கு வெயில்ல அலையணும்?" வரேன் தம்பி, நானே வந்து பார்க்கிறேன் என்றேன். வேணாம்க்கா, ஒரு அமுக்கு அமுக்கினால் முடிந்தது என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. மூன்று நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் வாயைக் கட்டிவிட்டுப் போன அந்த அம்மாள்மேல்.

"அதுல உங்க மாமியாரு இருக்காங்க தம்பி," என்றேன்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ விலை கேட்பது மட்டும் கேட்டது. பிறகு, "இன்னாக்கா சொல்றீங்க," என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பெண்கள் பக்கத்து வீடியோ அந்த அழித்த ஃபோல்டரில்தான் இருக்கிறது, இருந்தது, இருக்கிறதோ இல்லையோ தெரியாது, எதையும் திறக்காதீர்கள், எதையும் அமுக்காதீர்கள், லேப்டாப்பை மூடி வையுங்கள், நான் வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். ம் என்றார். போன் நின்றுவிட்டது.

சடங்கு வீட்டாரிடம் ஐந்து மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பாகூரிலிருந்து மடுகரை வழியாகப் போனேன். புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும், தமிழ்நாடு முடிந்து மறுபடி புதுச்சேரி வரும், அன்றைக்கு எது எங்கே முடிந்தது என்றே பார்க்கவில்லை. கை ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தது, மண்டைக்குள் வேறு கணக்கு ஓடியது. அழித்தது கூடைக்குள் போயிருந்தால் திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் கூடையும் அந்த நாலில் ஒன்றுதானே. முதலில் என் ஃபோல்டரை அழித்துவிட்டு அப்புறம் கூடையை அழித்திருந்தால், கூடையோடு சேர்ந்து அதுவும் போயிருக்கும். பெரிய ஃபோல்டராக இருந்தால் கூடைக்குள் அடங்காது என்று சொல்லி ஒரேயடியாக அழித்துவிடும். அது எவ்வளவு பெரிசு? ஞாபகம் இல்லை. அப்படிப் போயிருந்தாலும் தோண்டி எடுக்க ஆள் இருக்கிறார்கள், ஆனால் அதன்மேல் கடைக் கேமரா பதிவு எதையாவது ஏற்றியிருந்தால் யாராலும் முடியாது. ஏற்றினாரா என்று கேட்க மறந்துவிட்டேனே.

மடுகரையில் வண்டியை ஓரம் கட்டிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்து தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திறந்து பார்க்கிறாரோ என்று ஒரு பயம். அமுக்கிவிட்டாரோ என்று ஒரு பயம். இரண்டில் எது பெரிய பயம் என்று எனக்கே தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காலையில் அரை நிமிடம் செலவழித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

மதகடிப்பட்டில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வீடு கடைக்குப் பின்னால்தான். சந்துக்குள் வண்டியை நிறுத்தியபோது வாசலிலேயே நின்றிருந்தார். போனைக் கடையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாராம். எதையும் தொடவில்லை, மூடி அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் அவளிடம் கொடுத்துவிட்டேன் என்றார். கண் சிவந்திருந்தது. உள்ளே வரவில்லை.

கூடத்தில் ஸ்டூலின் மேல் மூடிய லேப்டாப். ஹார்ட் டிஸ்க் ஒயரோடு தொங்காமல் இருக்க அதன் கீழே ஒரு துண்டை மடித்து வைத்திருந்தாள் பாயம்மாவின் மகள். எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தொடக் கூடாது என்று அவர் சொன்னாராம். முக்கால் மணி நேரமாகத் தொடாமல் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வாங்க என்று என்னைக் கூப்பிடவில்லை.

உட்கார்ந்து திறந்தேன். எதை முதலில் அழித்தீர்கள் என்று வாசல் பக்கம் பார்த்துக் கேட்டேன். "மேலேர்ந்து வரிசையாதான்க்கா," என்று குரல் வந்தது. புதிதாக எதுவும் ஏற்றினீர்களா என்றேன். இடமே வரலியேக்கா, எங்கேர்ந்து ஏத்தறது என்றார். மேலே முதலில் இருந்தது கூடை. அதை அழித்த பிறகு, அடுத்ததை அழிக்கும்போது கம்ப்யூட்டர் வேறு ஒரு கூடையைப் புதிதாக வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டும் என்பது என் நினைப்பு. திறந்து பார்க்கிற வரைக்கும் நினைப்புத்தான். அம்புக்குறியைக் கூடையின் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

திறந்தேன். இரண்டு வரிகள் இருந்தன. இரண்டாவது, நான் வைத்த பெயர்.

இருக்குது என்று சொன்னேனா, அழுதேனா என்று தெரியவில்லை. அவள் வாசலைப் பார்த்தாள். அவர் எதுவும் கேட்காமல் கடையில் இருக்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஃபோல்டரை மீட்டு, முதல் வேலையாக லேப்டாப்புக்கு ஒரு பிரதி போட்டேன். பதினெட்டு நிமிடம் ஆகும் என்று காட்டியது.

அந்தப் பதினெட்டு நிமிடத்தில்தான் அவள் பேசினாள். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாள். தாள் எழுதிக் கொடுத்தது, வாக்கு வாங்கியது, கூடையைக் கொட்டச் சொன்னது. எல்லாவற்றையும் அழித்தாயிற்று என்றுதான் அம்மா சொன்னார் என்றாள். அப்புறம் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஆறு வருஷமா என் பீரோவுலியே இருந்துச்சா அக்கா? அம்மா குரல் மறந்து போவுதேன்னு நான் அழுதுனு இருக்கேன். அன்னிக்கு என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

ஞாபகம் வரவில்லை என்றேன். உண்மையாக இருந்தாலும் கேவலமான பதில் அது. அவள் பிரதி ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க வரலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. வராம வுட்டுடலாம்னு நெனச்சீங்களா?"

ஒண்ணும் இல்லைம்மா, உடனே ஓடி வந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "நெனச்சேன்," என்றேன். அவள் ஹார்ட் டிஸ்குக்குக் கீழே நழுவியிருந்த துண்டைச் சரியாக இழுத்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

பிரதி முடிந்தது. மூன்று பாகமாக இருந்த வீடியோவில் மருதாணி இட்ட நாளின் பாகத்தைக் காட்டி, இதுவா என்றாள். அப்போதுதான் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. அந்த மூன்று நாளும் பாயம்மா என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தான் வருகிற இடமெல்லாம் வெட்டச் சொன்னார். என் மூஞ்சியை யார் பார்க்கப்போகிறார்கள், இதை எடு, அதை எடு என்றார். எரிச்சலில் நானும் கேள்வி கேட்காமல் வெட்டித் தள்ளினேன். இவள் இப்போது எதைப் பார்க்கக் காத்திருக்கிறாளோ அதைத்தான் நான் கத்தரித்துக் கூடையில் போட்டுக் கொட்டியிருந்தேன். ஏதாவது மிச்சம் இருக்குமா என்று எனக்கே தெரியாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்வதற்குள் அவள் ஓடவிட்டுவிட்டாள்.

வந்தவர்கள், சின்னப் பிள்ளைகள், மருதாணிக் கிண்ணம், இவள் கை, இவள் கால், இவள் சிரிப்பு. பத்து நிமிடம் போயிற்று, இருபது நிமிடம் போயிற்று. திரையில் எங்கே பார்த்தாலும் அவளேதான். கொஞ்சம் ஓட்டிவிடட்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு இடத்தில் கேமரா கூட்டத்தைச் சுற்றி வரும்போது, அடுப்படி வாசலில் தட்டோடு நின்ற பாயம்மாவின் மேல் போய் நின்றது. முக்காடு இல்லாமல், நெற்றியில் வியர்வையோடு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வெட்டும்போது இருவர் கண்ணுக்கும் தப்பியிருக்கவேண்டும். சிரிப்பு மாறாமலே கேமராவைப் பார்த்தார்.

"என்ன வுடும்மா, பொண்ண எடு."

கேமரா உடனே திரும்பிவிட்டது. சொன்ன பேச்சு கேட்டு நான்தான் திருப்பினேன். மறுபடி திரை முழுக்க மருதாணிக் கையை நீட்டிக்கொண்டு இவள்.

அவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கியே கொஞ்ச நேரம் நின்னிருக்கக் கூடாதா அக்கா," என்றாள்.

நான் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன்.